துண்டுக்குள் விரல்

“மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்குக் கட்டுப்படியாகும்?” என்று அந்த சேல்ஸ்மேன் கேட்டபோது மணி நாலேகால். நாங்கள் உள்ளே போனது பன்னிரண்டரைக்கு. மடியில் இருந்த இரண்டு வயது மகள் தூங்கி எழுந்து சிணுங்கத் தொடங்கியிருந்தாள். டப்பாவில் கொண்டுபோன தயிர்சாதம் எப்போதோ காலி. “முந்நூறு டாலருக்குள் இருந்தால் பரவாயில்லை” என்றேன்.

அந்த ஒரு பதிலுக்கு நான் கொடுத்த விலை கிட்டத்தட்ட 2,900 டாலர். நாள், 2018 டிசம்பர் 29, சனிக்கிழமை. இடம், நியூஜெர்சியில் எங்கள் எடிசன் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு கார் ஷோரூம். பெயர் வேண்டாம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதே போதும்.

கிளம்பும்போதே என் வீட்டுக்காரரிடம், “நீங்க அங்க வந்து வாயே திறக்கக் கூடாது, நான் பேசிக்கறேன்” என்று கறாராகச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். பாவம், மூன்றே முக்கால் மணி நேரமும் அவர் வாயைத் திறக்கவில்லை. உளறியது நான்தான். முற்றின முருங்கைக்காயை வாங்கி வந்துவிட்டாரே என்று நான் திட்டப்போனால்கூட, “முந்நூறுன்னு நீதான சொன்ன?” என்பதுதான் இன்றுவரை அவருடைய பதில்.

எதற்காக உளறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லீஸ் என் பெயரில். கிரெடிட் ஸ்கோர் 772, அதுவும் என்னுடையது. ஆனால் அந்த சேல்ஸ்மேன் மதியம் முழுக்க என் வீட்டுக்காரரைப் பார்த்தேதான் பேசினார். இன்ஜின் பற்றி அவரிடம், வாரன்டி பற்றி அவரிடம், கப் ஹோல்டர் பற்றி மட்டும் என்னிடம். கடைசியில் இந்தக் கேள்வியைத்தான் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். ஒருவழியாக நம்மை மதித்து ஒன்று கேட்கிறாரே என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் தொழில் தெரிந்தவர்.

முதலில், ஏன் லீஸ் என்று கேட்பவர்களுக்கு. எங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார்: “வாடகைக்கு எடுத்த மாதிரிதானே, மூணு வருஷம் கட்டிட்டு வெறுங்கையோட வர்றது?” கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மூன்று வருடத்துக்கு மேல் எதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்? விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டால் காரை யார் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறுவது? நாங்கள் நாலாயிரத்துக்கு வாங்கி ஓட்டிய பழைய கார் ஒரு நவம்பர் மழையில் நடுரோட்டில் நின்று, இழுத்துப் போகவே இருநூறு செலவானது. கைக்குழந்தையோடு அந்த அவஸ்தையைப் பட்டவர்களுக்கு, வாரன்டி முடிவதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதன் அருமை தெரியும். நாத்தனார் வீட்டுக்காரர் சிட்டிசன். அவருக்கு இது புரியாது.

கார் தேர்ந்தெடுத்தது, ஓட்டிப் பார்த்தது, இன்ஷூரன்ஸ் எடுத்ததெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். சின்ன செடான், ஜப்பான் கம்பெனி, சாம்பல் நிறம். ஸ்டிக்கர் விலை 24,500 டாலர். அவ்வளவு போதும்.

இனி அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். என் முந்நூறைக் கேட்டதும் அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தார். நான்கு கட்டம். ஒன்றில் காரின் விலை, ஒன்றில் பழைய காருக்கு அவர்கள் தரும் மதிப்பு, ஒன்றில் நாம் கையோடு கட்டும் டௌன் பேமென்ட், நான்காவதில் மாதத் தவணை. கார் விற்கும் தொழிலில் இதற்கு ஃபோர் ஸ்கொயர் என்று பெயரே உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பழைய காரை ஏற்கெனவே காயலான் கடைக்குத் தள்ளியிருந்தோம், அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. விலைக் கட்டத்தில் ஸ்டிக்கர் விலையைச் சின்னதாக எழுதினார். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது தவணைக் கட்டத்தில் 388. நான் முகத்தைச் சுளித்தேன். மறுபடி போனார். 1,500 கையோடு கட்டினால் 344 என்றார். மகள் என் தோளில் வாந்தி எடுத்தாள். மூன்றாவது முறை வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு: 3,000 கட்டினால் 299 டாலர் 50 சென்ட். “நீங்கள் கேட்டபடியே!” நான் எழுந்து கை குலுக்கினேன். ஐம்பது சென்ட் மிச்சம் பிடித்த பெருமை வேறு.

இதில் என்ன நடந்தது என்று பாருங்கள். மூன்று நடைக்கும் காரின் விலை ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. என் பணத்தை ஒரு கட்டத்திலிருந்து எடுத்து இன்னொரு கட்டத்தில் போட்டு, எனக்கே இறக்கிக் காட்டினார்.

என் அம்மாவின் அப்பா, அப்புச்சி, ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போய் வந்தவர். அங்கே துண்டைப் போட்டுத்தான் விலை பேசுவார்கள். தரகரின் கையும் வாங்குபவரின் கையும் துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து அழுத்தினால் தொகை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துண்டுக்குள் இருக்கும் இருவருக்கும் எல்லாம் தெரியும். நான் உட்கார்ந்த மேஜையிலும் ஒரு துண்டு இருந்தது, அதன் பெயர் மாதத் தவணை. உள்ளே இருந்ததோ அவர் கை மட்டும்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புது வண்டியை பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு பூஜைக்குக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. இரண்டு வண்டி தள்ளி அதே கார், அதே சாம்பல் நிறம். யாரென்று பார்த்தால் என் ஆபீசில் பக்கத்து வரிசையில் உட்காரும் தெலுங்குக்காரர். இரண்டு வாரத்துக்கு முன்னால் எடுத்ததாம். கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டேன். மாதம் 302 என்றார். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், நாம் இரண்டரை டாலர் குறைவு என்று. “டௌன் எவ்வளவு கட்டினீங்க?” “ஜீரோ” என்றார்.

தோசை தொண்டையில் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அன்று ராத்திரி மகளைத் தூங்க வைத்துவிட்டு ஒப்பந்தத்தை விரித்தேன். அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி சில எண்களைக் காகிதத்தில் காட்டியே ஆக வேண்டும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட பிறகு படித்தேன், நீங்கள் முன்னால் படியுங்கள்.

லீஸ் கணக்கு இவ்வளவுதான். காரை இன்று என்ன விலைக்கு நமக்குத் தருகிறார்கள் என்பது கேப் காஸ்ட். மூன்று வருடம் கழித்து அதன் மதிப்பு என்னவாக இருக்கும் என்று ஃபைனான்ஸ் கம்பெனி முன்கூட்டியே எழுதி வைப்பது ரெசிஜுவல். என் காருக்கு ஸ்டிக்கர் விலையில் 58 சதவீதம், 14,210 டாலர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 36 மாதத்துக்கு வகுத்தால் தேய்மானம். அதன் மேல் வட்டி. அந்த வட்டியைச் சதவீதமாகச் சொல்லாமல், மனி ஃபேக்டர் என்று 0.00165 மாதிரி ஒரு எறும்பெழுத்து எண்ணாகச் சொல்வார்கள். அதை 2400-ஆல் பெருக்குங்கள், சதவீதம் வந்துவிடும். கேப் காஸ்ட்டையும் ரெசிஜுவலையும் கூட்டி, மனி ஃபேக்டரால் பெருக்கினால் ஒரு மாத வட்டி.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. மொத்த வட்டித் தொகையை ரென்ட் சார்ஜ் என்று காட்ட வேண்டும், ஆனால் மனி ஃபேக்டரைக் காட்டக் கட்டாயமில்லை. என் காகிதத்தில் ரென்ட் சார்ஜ் 2,198 டாலர் என்று இருந்தது. அதை 36-ஆல் வகுத்து, பிறகு முன்பணம் போன கேப் காஸ்ட்டான 22,794-ஐயும் ரெசிஜுவலையும் கூட்டி வந்த 37,004-ஆல் வகுத்தேன். 0.00165. அதாவது கிட்டத்தட்ட 4 சதவீதம். தெலுங்குக்காரருக்கு வாட்ஸாப் அனுப்பிக் கேட்டேன். அவருக்கு 0.00125, சரியாக 3 சதவீதம். ஃபைனான்ஸ் கம்பெனி வைத்த வட்டி அதுதான். மேலே இருக்கும் ஒரு சதவீதம் டீலர் ஏற்றி வைத்தது. இது இங்கே சட்டப்படி செல்லும், அதுதான் கொடுமை.

ராத்திரி ஒன்றரை மணிக்கு என் கணக்கு இப்படி முடிந்தது. அவருக்குக் காரை 22,800-க்குக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு முழு ஸ்டிக்கர் விலை: 1,700 போயிற்று. டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் நம்பர் பொறிப்பது, சீட்டுக்குப் பூச்சு என்று ‘ஏற்கெனவே போட்டுவிட்டோம், எடுக்க முடியாது’ வகையில் 699. வட்டியில் ஏற்றியது 533. நான் கட்டிய மூவாயிரம் முழுக்க இந்த மூன்று ஓட்டையிலும் ஒழுகிப்போயிருந்தது. எனக்கு ஐம்பது சென்ட் மிச்சம் பிடித்துக் கொடுத்தார்களே, அந்தக் கணக்குதான் இது. வரி, பதிவுச் செலவெல்லாம் தனி.

உடனே போய்ச் சண்டை போட முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. நியூஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை கார் விற்கக் கூடாது என்று சட்டம், கடை பூட்டு. திங்கட்கிழமை, வருடத்தின் கடைசி நாள், காலை ஒன்பதுக்கே வாசலில் நின்றேன். எதையும் மூன்று நாளுக்குள் திருப்பிவிடலாம் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக நம்பிக்கொண்டு. மேனேஜர் காபி கொடுத்து, சாந்தமாகச் சொன்னார்: அந்த மூன்று நாள் விதி வீட்டு வாசலில் வந்து விற்பவர்களுக்கானது, ஷோரூமில் உட்கார்ந்து போட்ட கையெழுத்துக்கு இல்லை. அவர் சொன்னது உண்மைதான். வந்து விசாரித்துப் பார்த்தேன். நான் அங்கே கேட்ட ஒரே உண்மையும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, உங்களிடம் யாராவது மாதம் எவ்வளவு என்று கேட்டால், பதில் சொல்லாதீர்கள். சிரியுங்கள், தண்ணீர் கேளுங்கள், பாத்ரூம் எங்கே என்று கேளுங்கள். “முதலில் காரின் விற்பனை விலை என்ன?” என்று திருப்பிக் கேளுங்கள். வயதைச் சொன்னாலும் தவணையைச் சொல்லாதீர்கள்.

இதைவிட நல்லது, அங்கே போகாமலே இருப்பது. தெலுங்குக்காரர் செய்தது அதைத்தான். ஐம்பது மைல் சுற்றளவில் எட்டு டீலர்களுக்கு ஒரே ஈமெயில்: இந்த மாடல், 36 மாதம், வருடத்துக்கு 12,000 மைல், டௌன் கிடையாது. உங்கள் விற்பனை விலை, மனி ஃபேக்டர், ரெசிஜுவல், கட்டணங்கள் நான்கையும் எழுதி அனுப்புங்கள். ஐந்து பேர் ‘நேரில் வாருங்கள் பேசலாம்’ என்றார்கள், அவர்கள் பெயரை அப்படியே அடித்துவிட்டார். மூன்று பேர் எண்ணைக் கொடுத்தார்கள். குறைந்ததை மற்ற இருவருக்கும் அனுப்பினார். மாதக் கடைசிக்குள் கணக்கை முடிக்க வேண்டியவர் ஒருவர் இறங்கி வந்தார். ரெசிஜுவலில் மட்டும் பேரம் பேசிப் பிரயோஜனமில்லை, அது டீலர் கையில் கிடையாது. லீஸ் என்று முதலில் சொல்லாதே, ரொக்கத்துக்கு வாங்குவதுபோல் பேசி விலையை இறக்கிவிட்டுக் கடைசியில் சொல் என்று சிலர் யோசனை தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நடிக்கத் தெரிந்தவளாக இருந்தால் நான் முந்நூறு என்று சொல்லியிருக்கவே மாட்டேன்.

டௌன் பேமென்ட் பற்றி இன்னொன்று. வாங்கும் காருக்கு முன்பணம் கட்டுவது வேறு, லீஸ் காருக்குக் கட்டுவது வேறு. இரண்டாவது மாதம் யாராவது இடித்து வண்டி உருத்தெரியாமல் போனால், இன்ஷூரன்ஸ் பணம் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போகும். கேப் (gap) கவரேஜ் இருந்தால் பாக்கியை அது அடைக்கும். நீங்கள் கட்டிய மூவாயிரம்? அது யார் கணக்கிலும் இல்லை. நான் முதல் பனிக்காலம் முழுக்க இருபத்தைந்து மைல் வேகத்தில்தான் ஓட்டினேன்.

மைல் விஷயத்தில் நான் சரியாகவே செய்தேன். வருடத்துக்கு 12,000 போதும். நம்மில் முக்கால்வாசிப் பேர் மெட்ரோபார்க் ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறுகிறவர்கள்தானே. மீறினால் மைலுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து சென்ட்வரை வைப்பார்கள், அதைக் காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்பொசிஷன் கட்டணம் என்று சில நூறு டாலர் கேட்பதும் அதிலேயே இருக்கும். டெக்சாஸில் காரின் முழு விலைக்கும் 6.25 சதவீத வரி விழுகிறது, அங்கே இருப்பவர்கள் லீஸைப் பற்றி ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கட்டும். என் கட்டுரை அவர்களுக்கு இல்லை.

குழந்தையைக் கூட்டிப்போகாதீர்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும் ஆறு மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் வீட்டுக்காரருக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 2021 டிசம்பரில் எங்கள் லீஸ் முடிந்தது. அதற்குள் கொரோனா வந்து, சிப் தட்டுப்பாட்டால் புதுக் கார்கள் கிடைக்காமல், பழைய கார் விலை எகிறிக் கிடந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்ததால் எங்கள் வண்டி ஓடியது 24,000 மைல்தான். லீஸ் முடிவதற்கு முன்பே ஆன்லைனில் கார் வாங்கும் ஒரு கம்பெனியில் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன், 19,300 என்றார்கள். ஒப்பந்தத்தில் 2018-லேயே எழுதி வைத்த விலை 14,210. லீஸ் காரை வெளியாருக்கு நேரே விற்க விடமாட்டோம் என்று பல ஃபைனான்ஸ் கம்பெனிகள் அந்த வருடம் விதியை மாற்றிக்கொண்டிருந்தன. நாங்கள் விற்க நினைக்கவில்லை, நாங்களே வாங்கிக்கொண்டோம். என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். “வெறுங்கையோட வர்றது” என்று சொன்னவருக்கு மட்டும் குடும்ப வாட்ஸாப் குழுவில் அந்த இரண்டு எண்ணையும் போட்டேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

வாங்குவதற்கு மூன்று மாதம் முன்னால், செப்டம்பரில், ஒரு சாயங்காலம் போன் வந்தது. அதே ஷோரூம், அதே குரல். காரை இப்போதே கொண்டுவந்து விட்டால் மீதித் தவணைகளையும் டிஸ்பொசிஷன் கட்டணத்தையும் தள்ளுபடி செய்து விடுவதாகச் சொன்னார். எனக்காக மேனேஜரிடம் பேசி வாங்கிய சலுகையாம். என் காரின் இன்றைய விலை என்ன என்று கேட்டேன். அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் பார்த்துவிட்டேன், 19,300 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சரி, அது இருக்கட்டும் மேடம்” என்றார். “அடுத்த காருக்கு மாதம் எவ்வளவுவரை பார்க்கிறீர்கள்?”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.